படுக்கையில் இருக்கும் பெரியவரை வீட்டில் பார்த்துக்கொள்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்மாவுக்கு இடது கை, கால் விழுந்து, பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிவந்தோம். டிஸ்சார்ஜ் சீட்டில் 9 மாத்திரை எழுதியிருந்தது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு அவரை எப்படி மாற்றுவது என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. அதன்பிறகு நான்கு வருடம் நானும் மனைவியும் பார்த்துக்கொண்டோம். நடுவில் மறதி நோயோடு மாமனாரும் எங்களிடம் வந்து சேர்ந்தார். வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட், சுகாதார நிலையத்துச் செவிலியர், பக்கத்துத் தெருவில், வீடுகளுக்குப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் அட்டெண்டர் வேலை பார்க்கும் ஓர் அக்கா, இந்த மூன்று பேர் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்ததும், நாங்கள் தப்புச் செய்து கற்றுக்கொண்டதும்தான் கீழே இருப்பவை. இப்போது சொந்தத்தில் யாராவது படுத்துவிட்டால் எனக்குத்தான் போன் வருகிறது. பெரும்பாலும் இதே கேள்விகள். மருந்தின் அளவு, மாற்றம் எல்லாம் உங்கள் மருத்துவரைக் கேட்டுத்தான். இங்கே இருப்பது கை வேலை.

அம்மா 70 கிலோ, நான் 52. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு எப்படித் தூக்குவது?

தூக்கவே வேண்டாம். அவர் பாரத்தை முடிந்தவரை அவர் காலே தாங்க வேண்டும். நாம் முன்னால் சாய்த்து, திருப்பி, உட்கார வைக்கிறோம், அவ்வளவுதான்.

நாற்காலியைக் கட்டிலை ஒட்டி, அவருடைய நல்ல கை இருக்கும் பக்கம், கொஞ்சம் சாய்வாகப் போடுங்கள். சக்கர நாற்காலி என்றால் இரண்டு பிரேக்கையும் போட்டு, கால் வைக்கும் பலகையை மடக்கிவிடுங்கள். முதல் வாரம் இதை மறந்து அம்மாவின் கணுக்காலைக் கிழித்துவிட்டோம். பிறகு அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, இரண்டு காலையும் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, தோளுக்குப் பின்னால் கை கொடுத்து எழுப்புங்கள். கால் கீழே இறங்கும் பாரமே உடம்பைப் பாதி மேலே கொண்டுவந்துவிடும். உட்கார்ந்ததும் உடனே நிற்க வைக்காதீர்கள். நெடுநேரம் படுத்திருந்தவருக்குச் சட்டென்று ரத்த அழுத்தம் இறங்கும். ஒன்றிரண்டு நிமிடம் விட்டு, "தலை சுத்துதாம்மா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் விளிம்புக்கு நகர்த்தி, இரண்டு பாதமும் தரையில் பதிந்தபின், மூக்கு முட்டிக்கு நேராக வருமளவு முன்னால் சாயச் சொல்லுங்கள். இடுப்பில் ஒரு துண்டை இறுக்கிக் கட்டி அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பலமில்லாத காலின் முட்டிக்கு உங்கள் முட்டியை முட்டுக் கொடுங்கள். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சத்தமாக எண்ணுங்கள். எண்ணாமல் எழுப்பினால் அவர் பயத்தில் பின்னால் சாய்வார், பாரம் இரட்டிப்பாகும். நின்றதும் சின்னச் சின்ன அடியாகத் திரும்பி, நாற்காலியின் விளிம்பு அவர் தொடையில் இடித்த பிறகு மெதுவாக இறக்குங்கள். நீங்கள் முட்டியை மடக்கி இறங்க வேண்டும், இடுப்பை வளைத்துக் குனியக் கூடாது.

கையைப் பிடித்து இழுப்பதும் அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதும் கூடவே கூடாது. பக்கவாதம் வந்தவருக்குத் தோள் மூட்டு தளர்ந்திருக்கும். இழுத்தால் இறங்கிவிடும், அந்த வலி மாதக்கணக்கில் போகாது. உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்ளவும் விடாதீர்கள். தடுமாறினால் இரண்டு பேரும் விழுவீர்கள். காலில் கொஞ்சமும் பாரம் தாங்காதவரை ஒருவர் தனியாக மாற்ற முயலக் கூடாது.

தலைமாட்டை உயர்த்தி வைத்தால் கட்டிலில் கீழே கீழே சரிந்துவிடுகிறார். மேலே இழுக்க வழி?

எட்டு முழ வேட்டி ஒன்று போதும். பழசாக, பருத்தியாக இருக்கட்டும். நான்காக மடித்து, தோளிலிருந்து தொடைவரை வருமாறு அவருக்கு அடியில் குறுக்கே விரித்து வைத்துவிடுங்கள். இரண்டு பக்கமும் ஆளுக்கொருவராக நின்று, வேட்டியின் ஓரத்தை உடம்பை ஒட்டிச் சுருட்டிப் பிடித்து, சேர்ந்தாற்போல் மேலே நகர்த்துங்கள். நல்ல காலை மடக்கி ஊன்றி அவரும் உந்தினால் பாதி வேலை மிச்சம். உடம்பைத் தரதரவென்று இழுத்தால் முதுகுத் தோல் உரசி உரியும். படுக்கைப் புண்ணுக்கு அதுவே பிள்ளையார் சுழி. சாப்பாட்டு நேரம் தவிர மற்ற நேரத்தில் தலைமாடு 30 டிகிரிக்கு மேல் வேண்டாம், சரிவது குறையும்.

படுக்கைப் புண் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? பவுடர் போட்டால் போதுமா?

பவுடர் வேர்வையில் திரண்டு மடிப்புகளில் உறுத்தும், அதோடு சரி. புண் வருவது அழுத்தத்தால். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் சதை நசுங்கி ரத்த ஓட்டம் நின்றுபோகிறது. அழுத்தம் விலகினால்தான் அது பிழைக்கும். அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும்: இடது, மல்லாக்க, வலது. நாங்கள் காலண்டர் அட்டையின் பின்பக்கம் நேரம் எழுதிச் சுவரில் ஒட்டி, திருப்பியவர் டிக் போட வேண்டும் என்று வைத்திருந்தோம். "நீ திருப்பினேன்னு நெனச்சேன்" என்ற சண்டை அதோடு நின்றது.

ஒருக்களித்துப் படுக்க வைக்கும்போது முழுக்கப் பக்கவாட்டில் வேண்டாம்; இடுப்பெலும்பு அழுந்தும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்துப் பாதிச் சாய்வில் வையுங்கள். இரண்டு முட்டிக்கும் நடுவில் ஒரு தலையணை. கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொன்று, குதிகால் மெத்தையில் படாமல் அந்தரத்தில் இருக்கும்படி. குதிகாலை எல்லோரும் மறந்துவிடுவோம். அங்கே வரும் புண் ஆற நாளாகும், சர்க்கரை இருந்தால் கேட்கவே வேண்டாம்.

தினமும் ஒருமுறை, உடம்பு துடைக்கும்போது, இந்த இடங்களைப் பாருங்கள்: முதுகெலும்பின் அடி, இரண்டு இடுப்பு, குதிகால், கணுக்கால், முழங்கை, பிடரி, காது மடல். சிவந்திருக்கும் என்பார்கள். நம் நிறத்துக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ ஊதா நிறத்திலோ இருக்கும், தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். வெளுத்த தோலாக இருந்தால் விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள், நிறம் வெளுக்கவில்லை என்றால் அது ஆரம்பம். அந்த இடத்தைத் தேய்த்துவிடாதீர்கள், உள்ளே நைந்துபோன சதை இன்னும் நையும். அந்தப் பக்கம் பாரமே படாமல் வையுங்கள். தோல் உரிந்துவிட்டாலோ கறுத்துக் கெட்ட வாடை வந்தாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம். மஞ்சள், காபித்தூள் எல்லாம் போட்டு வந்த புண்களை அந்த அட்டெண்டர் அக்கா கதை கதையாகச் சொல்வார்.

காற்றுப் படுக்கை நல்லதுதான், வாங்குங்கள். ஆனால் அது திருப்புகிற வேலையை உங்களுக்குப் பதிலாகச் செய்யாது. மேலே கனமான பெட்ஷீட், ரப்பர் ஷீட், கம்பளி என்று அடுக்கினால் அதன் பயனும் போய்விடும். நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையத்தை வாங்கவே வேண்டாம். ஓட்டையைச் சுற்றியுள்ள தோலில் அழுத்தம் கூடுகிறது.

படுக்கையிலேயே குளிப்பாட்டுவது எப்படி? பெட்ஷீட் மாற்றுவது?

இரண்டு பேசின் வெந்நீர், ஒன்று சோப்புக்கு, ஒன்று அலச. நான்கைந்து சின்னத் துண்டுகள். ஜன்னலைச் சாத்துங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். உடம்பு முழுக்க ஒரு போர்வையால் மூடி, துடைக்கிற இடத்தை மட்டும் திறந்து, துடைத்து, ஒற்றி, மூடிவிட்டு அடுத்த இடத்துக்குப் போங்கள். முகம், கை, மார்பு, வயிறு, கால், முதுகு, கடைசியில்தான் மறைவிடம். அதற்குத் தண்ணீரையும் துணியையும் மாற்றிவிடுங்கள். பெண்களுக்கு முன்னாலிருந்து பின்னாலே துடைக்க வேண்டும், மாற்றித் துடைத்தால் மலக்கிருமி சிறுநீர் வழியில் ஏறும். மார்புக்கு அடியில், தொடை இடுக்கில், கால் விரல் இடுக்கில் ஈரம் நிற்கக் கூடாது. கடைசியில் கை காலுக்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய்.

முதுகு துடைக்க ஒருக்களித்திருக்கும்போதே பெட்ஷீட்டையும் மாற்றிவிடலாம். பழைய ஷீட்டை அவர் முதுகுவரை சுருட்டி ஒதுக்குங்கள். புதியதை இந்தப் பக்கம் விரித்து, மீதியைச் சுருட்டி அதன் பக்கத்தில் வையுங்கள். அவரை அந்த மேட்டின் மேல் இந்தப் பக்கம் உருட்டி, அந்தப் பக்கம் போய்ப் பழையதை உருவிப் புதியதை இழுத்துச் செருகுங்கள். சுருக்கம் இல்லாமல் இழுங்கள்.

நான் மகன். அம்மாவுக்கு டயப்பர் மாற்ற எனக்கும் கூச்சம், அவருக்கும் கூச்சம்.

எனக்கும் இருந்தது. மனைவி ஊருக்குப் போயிருந்த ஒரு மதியம் வேறு வழியில்லாமல் செய்தேன். அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார், நான் பக்கத்து வீட்டு மாடு கன்று போட்ட கதையைச் சொல்லிக்கொண்டே மாற்றினேன். மூன்றாவது நாள் அவரே, "அந்தப் பக்கம் லூசா இருக்குடா" என்றார். இடுப்புக்கு மேல் போர்வை எப்போதும் இருக்கட்டும். கதவைச் சாத்துங்கள். செய்யப்போவதை முன்கூட்டிச் சொல்லுங்கள். மூக்கைப் பொத்தாதீர்கள். பெண் உறவினர்தான் செய்ய வேண்டும் என்று அம்மா சொன்னால் அதற்கு ஏற்பாடு செய்யுங்கள், அது அவர் உரிமை. ஆனால் அந்தப் பெண் எப்போதும் மருமகள்தான் என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

படுக்கையில் இருப்பவருக்குப் பக்கவாட்டில் ஒட்டும் டயப்பர்தான் சரி. ஜட்டி மாதிரி இழுத்துப் போடுவது நடமாடுபவர்களுக்கு. மலம் போனால் உடனே மாற்ற வேண்டும், சிறுநீருக்கு மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். தோல் சிவந்தால் துடைத்துக் காயவிட்டு ஜிங்க் ஆக்ஸைடு கிரீமை மெல்லியதாகத் தடவுங்கள். பகலில் ஒரு மணி நேரமாவது டயப்பர் இல்லாமல் அடியில் விரிப்பு மட்டும் போட்டுக் காற்றாட விடுங்கள். சொல்லத் தெரிந்தவருக்கு முதலிலேயே டயப்பர் வேண்டாம். சாப்பிட்ட பிறகு, தூங்கி எழுந்ததும், படுக்குமுன் என்று நேரம் வைத்து பெட்பேனோ கமோட் நாற்காலியோ கொடுத்தால் பலருக்குப் பகலில் டயப்பரே தேவைப்படாது.

சாப்பிடும்போது அடிக்கடி புரை ஏறுகிறது. என்ன செய்ய?

முதலில், அண்ணாந்து குடிப்பதை நிறுத்துங்கள். வாய் வைக்காமல் தூக்கி ஊற்றிக் குடிப்பது நமக்குச் சிறுவயதிலிருந்து வந்த பழக்கம். விழுங்கும் தசை பலவீனமானவர் அண்ணாந்தால் மூச்சுக்குழல் திறந்து நிற்கிறது, தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போகும். தாடை மார்பை நோக்கிக் கொஞ்சம் குனிந்திருக்க வேண்டும். அதனால் டம்ளரில் வாய் வைத்து, இல்லையென்றால் ஸ்பூனில், ஒவ்வொரு வாயாக. நேராக நிமிர்ந்து உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும், சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்கவும் கூடாது.

அடுத்தது பதம். கெட்டியானதுதான் தொண்டையில் சிக்கும் என்று பயந்து எல்லாவற்றையும் தண்ணீராக்கிக் கொடுப்போம். அது தலைகீழ். தண்ணீர், காபி, ரசம் போன்றவைதான் வேகமாக வழுக்கிப் புரை ஏறும். ரசம் சாதம் இன்னும் மோசம். தண்ணீர் ஒரு வேகத்தில், பருக்கை ஒரு வேகத்தில் இறங்கும். குழைய வடித்துக் கெட்டியாகப் பிசைந்த தயிர் சாதம், பருப்புச் சாதம், இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்து மசித்தது, கெட்டியான கேழ்வரகுக் கூழ், மசித்த வாழைப்பழம் எல்லாம் பெரும்பாலும் இறங்கும். அவருக்கு எந்தப் பதம் சரி என்பதை விழுங்கும் பயிற்சி தரும் சிகிச்சையாளர் சோதித்துச் சொல்வார்.

டீஸ்பூனில் அரைவாசி, அவர் கண்ணுக்கு நேராக உட்கார்ந்து, நல்ல பக்கக் கன்னத்தில் வையுங்கள். தொண்டையில் குரல்வளை மேடு ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகே அடுத்த வாய். டிவியை நிறுத்துங்கள். முடிந்ததும் பலமில்லாத பக்கக் கன்னத்துக்குள் சோறு ஒதுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அம்மாவுக்கு அரை உருண்டை அங்கேயே இருக்கும். வாயைச் சுத்தம் செய்யாமல் படுக்க வைத்தால் அது அப்புறம் புரை ஏறும். பல்செட்டைக் கழற்றிக் கழுவி இரவு முழுக்கச் சாதாரணத் தண்ணீரில் போட்டு வையுங்கள், வெந்நீர் வேண்டாம்.

இருமலே இல்லாமலும் உள்ளே போகும். சாப்பிட்டபின் தொண்டையில் தண்ணீர் கிடப்பது மாதிரிக் குரல் களகளவென்று இருந்தால், காரணம் தெரியாத காய்ச்சல் வந்து வந்து போனால், சளி என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அரைத் தூக்கத்தில் இருப்பவர் வாயில் பால் ஊற்றவே கூடாது, யார் வந்து எவ்வளவு ஆசையாகக் கேட்டாலும்.

மூக்குக் குழாய் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். வீட்டில் கொடுக்க பயமாக இருக்கிறது.

ஒரு வாரத்தில் பழகிவிடும். கை கழுவுங்கள். தலைமாட்டை நன்றாக உயர்த்துங்கள், கொடுத்து முடித்த பிறகும் ஒரு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். மூக்கருகே குழாயில் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோடு வெளியே நகர்ந்திருந்தாலோ, கொடுக்கும்போது இருமினாலோ, மூச்சுத் திணறினாலோ நிறுத்திவிடுங்கள். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தபடி முதலில் சிரிஞ்சால் இழுத்துப் பார்த்து, பிறகு கொஞ்சம் தண்ணீர் விட்டு, அப்புறம் உணவு. சிரிஞ்சின் தண்டை எடுத்துவிட்டு, புனல் போலப் பிடித்து, தானாக இறங்க விடுங்கள், அழுத்தித் தள்ளாதீர்கள். முடிந்ததும் மறுபடி தண்ணீர் விட்டுக் கழுவி மூடிவிடுங்கள். கஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டாவிட்டால் இரண்டு நாளில் அடைக்கும். குழாய் வெளியே வந்துவிட்டால் நீங்களே திருப்பிச் சொருகக் கூடாது.

மாத்திரையை ஒவ்வொன்றாகப் பொடித்துக் கரைத்துக் கொடுக்கலாம், ஆனால் எல்லா மாத்திரையையும் பொடிக்கக் கூடாது. பெயருக்குப் பின்னால் எஸ்ஆர், எக்ஸ்ஆர், இஆர் என்று இருப்பவை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய வேண்டியவை. பொடித்தால் மொத்தமும் ஒரேயடியாக ஏறும். மருந்துக் கடையில் கேட்டு, வேறு வடிவம் எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் சாப்பிடவில்லை என்றாலும் தினம் இரண்டு முறை வாய் துடைக்க வேண்டும்.

சிறுநீர் போகக் குழாயும் பையும் போட்டிருக்கிறார்கள். எப்படிப் பார்த்துக்கொள்வது?

பை எப்போதும் இடுப்புக்குக் கீழே, தரையில் படாமல். நாற்காலிக்கு மாற்றும்போது பையை அவர் மடியில் வைத்துவிடுவோம், அப்போதுதான் சிறுநீர் திரும்ப உள்ளே ஓடும். பை முக்கால் நிறைவதற்குள் காலி செய்யுங்கள். குழாய் நுழையும் இடத்தைத் தினமும் சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். ஆண்களுக்கு முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிக் கழுவினால் மறக்காமல் திரும்ப முன்னால் கொண்டுவந்துவிட வேண்டும், இல்லையென்றால் வீங்கி ஆபத்தாகும். சில மணி நேரமாகப் பையில் எதுவும் விழாமல் அடிவயிறு உப்பினால் குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் ஆஸ்பத்திரி. ரத்தம், குளிர் காய்ச்சல் என்றாலும் அதுதான்.

இன்சுலின் நானே போடலாமா?

போடலாம், செவிலியரிடம் ஒருமுறை பழகிக்கொண்டு. ஆனால் ஒன்றை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பாருங்கள். நம் ஊரில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள பாட்டிலும் கிடைக்கும், 100 யூனிட் உள்ள பாட்டிலும் கிடைக்கும். 40க்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100க்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். மாற்றி ஏற்றினால் இரண்டரை மடங்கு கூடியோ குறைந்தோ போய்விடும். வாங்கும்போது கடைக்காரர் அவசரத்தில் மாற்றிக் கொடுப்பதுண்டு.

திடீரென்று வேர்த்து, நடுங்கி, உளறினால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். கருவியில் 70க்குக் கீழே காட்டினால், விழுங்கும் நிலையில் இருந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதுவும் போடாதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள்.

ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் கோடைக்கு இரண்டு மண்சட்டி உதவும். பெரிய சட்டியில் ஈர மணல், அதற்குள் சின்ன மூடிய சட்டி, அதில் மருந்து. நிழலில் வைத்து மணலை நனைத்துக்கொண்டே இருங்கள். ஃப்ரீசரில் வைத்து உறைந்த இன்சுலினைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

அப்பா பாத்ரூமில் விழுந்துவிட்டார். உடனே தூக்கலாமா?

தூக்காதீர்கள். ஓடிப்போய்த் தூக்கத்தான் கை பரபரக்கும். முதலில் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுங்கள். தலை இடித்ததா, கழுத்து வலிக்கிறதா, இரண்டு காலும் அசைகிறதா என்று பாருங்கள். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கும். அப்படியே போர்த்தி 108க்குச் சொல்லுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுபவர் தலையில் இடித்துக்கொண்டால், வெளியில் காயமே இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அடி எதுவும் இல்லை என்றால் அவரே எழட்டும். ஒருக்களித்து, கை ஊன்றி மண்டியிட்டு, முன்னால் நீங்கள் வைத்த அசையாத நாற்காலியில் கைகளை வைத்து, பலமான காலை ஊன்றி எழ வேண்டும். பின்னால் இன்னொரு நாற்காலியைத் தள்ளிக்கொடுங்கள்.

பாத்ரூமில் முதல் வேலை உள் தாழ்ப்பாளை எடுப்பது. கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்தால் விழுந்தவரே கதவை அடைத்துக்கொண்டு கிடப்பார். வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுங்கள். துண்டு போடும் கம்பி ஆள் பாரத்தைத் தாங்காது, சுவரில் போல்ட் போட்டுக் கைப்பிடி வையுங்கள். ராத்திரி விளக்கு எரியட்டும்.

நேற்றுவரை நன்றாகப் பேசியவர் இன்று ஆளே தெரியாமல் உளறுகிறார். வயதாகிவிட்டது, அதனால்தானே?

இல்லை. வயது ஒரே நாளில் கூடாது. ஓரிரு நாளில் வந்த குழப்பத்துக்குப் பின்னால் பெரும்பாலும் உடம்புக் காரணம் இருக்கும்: சிறுநீர்த் தொற்று, சோடியம் இறங்குவது, தண்ணீர் குடிக்காதது, மலம் இறுகியது, சிறுநீர் அடைத்தது, புதிதாக ஆரம்பித்த தூக்க மாத்திரை. அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். வாய் ஒரு பக்கம் கோணி, கை தூக்க முடியாமல், பேச்சுக் குழறினால் பக்கவாதம். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. விரலைக் குத்தி ரத்தம் எடுப்பது, வாயில் ஏதாவது ஊட்டுவது எல்லாம் நேரத்தைத் தின்னும்.

மறதி நோய். சாயங்காலம் ஆனால் "வீட்டுக்குப் போகணும்" என்கிறார். இதுதான் வீடு என்றால் கோபம்.

மாமனார் அஞ்சு மணிக்கு மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்பார். ஊருக்குக் கடைசி பஸ் போய்விடுமாம். இதுதான் உங்கள் வீடு, அந்த வீட்டை விற்று இருபது வருடம் ஆகிறது என்று முதல் மாதம் நானும் நிரூபித்துப் பார்த்தேன். பயன் இல்லை, அடிக்கக் கை ஓங்கினார். அப்புறம் "சரி மாமா, வாங்க, நானும் வரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை டீக்கடை வரை நடந்தோம். ஊரில் அந்த வருடம் மழை எப்படி என்று கேட்பேன். டீ குடித்துத் திரும்பி வந்தால், "வந்தாச்சு" என்று அவரே பையை ஆணியில் மாட்டிவிடுவார். பொய் சொல்கிறோமே என்று மனைவிக்கு உறுத்தியது. எனக்கு இல்லை. இருட்டுவதற்கு முன்பே எல்லா விளக்கையும் போட்டுவிடுவதும், பகலில் நீண்ட தூக்கம் விடாமல் இருப்பதும் உதவின. சட்டைப் பையில் போன் நம்பர் எழுதிய அட்டை, இரவில் கேஸ் ரெகுலேட்டரை மூடுவது, இவை கட்டாயம்.

ஐந்து நாள் மலம் போகவில்லை. இப்போது தண்ணியாகக் கசிகிறது. வயிற்றுப்போக்கு மாத்திரை கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். உள்ளே கல்லாக இறுகியதைச் சுற்றித் தண்ணீர் மட்டும் கசிவதாக இருக்கலாம். செவிலியரோ மருத்துவரோ பார்த்து எடுக்க வேண்டும். தண்ணீர் அதிகம் குடிக்காதவருக்கு இசப்கோல் கொடுத்தால் அடைப்பு கூடும்.

அரசு உதவி ஏதாவது உண்டா?

தமிழ்நாட்டில் இருந்தால் உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு வலியையும் அவதியையும் குறைக்கும் நோய் ஆதரவுச் சேவையும் இயன்முறை சிகிச்சையும் (பிசியோதெரபி) உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். சந்தேகம் கேட்க 104, முதியோர் உதவி எண் 14567. வீட்டுக்கு வரும் செவிலியரைப் பிரஷர் பார்த்து அனுப்பிவிடாதீர்கள். திருப்புவது, துடைப்பது, குழாய் கழுவுவது எல்லாவற்றையும் அவர் முன்னால் நீங்கள் செய்து காட்டி, தப்பைச் சொல்லச் சொல்லுங்கள்.

ஆள் வைத்துக்கொள்ளலாமா? கூடப் பிறந்தவர்கள் யாரும் உதவவில்லை.

வசதி இருந்தால் வையுங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம். அட்டெண்டர் வேறு, நர்ஸ் வேறு. ஊசி, குழாய் மாற்றுவது அட்டெண்டர் வேலை இல்லை. முதல் நாள் நீங்கள் கூடவே இருந்து, அவர் எப்படித் திருப்புகிறார், பேசிக்கொண்டே செய்கிறாரா என்று பாருங்கள். 24 மணி நேர ஆளும் மனிதர்தான், அவருக்கும் ஆறு மணி நேரத் தூக்கம் வேண்டும்.

கூடப் பிறந்தவர்களிடம் "கொஞ்சம் உதவி பண்ணக் கூடாதா" என்றால் ஒன்றும் நடக்காது. வேலையைப் பெயர் சொல்லிக் கொடுங்கள். பெங்களூரிலிருந்த தம்பிக்கு மாத்திரை, டயப்பர் ஆர்டர் போடுவதும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு வாரம் வந்து இருப்பதும் என்று எழுதிக் கொடுத்தோம். முதல் முறை அவன் வந்து மூன்றாம் நாள் இரவு, மூன்று மணிக்குத் திருப்ப எழுந்துவிட்டு, என்னிடம் வந்து ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தான். அதற்குப் பிறகு செலவுக் கணக்கில் தகராறு வரவில்லை.

நாம் ஊட்டினால் கால் மணி நேரம், அவரே சாப்பிட்டால் ஒரு மணி நேரம். நாமே செய்துவிட்டால் என்ன?

வேலை நாள் காலையில் நாங்களும் ஊட்டித்தான் விட்டோம். மற்ற நேரம் விட்டுவிட்டோம். கை இருப்பது உபயோகித்தால்தான் இருக்கும். நாமே எல்லாம் செய்த வீடுகளில் நல்ல கையும் ஆறு மாதத்தில் தளர்ந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். ஓரம் உயர்ந்த தட்டு, அடியில் நழுவாமலிருக்க ஈரத் துணி, கைப்பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கிய ஸ்பூன், இவ்வளவுதான் செலவு. சட்டை போடும்போது விழுந்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது நல்ல கையை முதலில். இதை அம்மாவே எங்களுக்கு ஞாபகப்படுத்துவார்.

கடைசி வருடம்வரை வீட்டில் முருங்கைக்கீரை உருவுவது அம்மா வேலை. முறத்தை மடியில் வைத்து, இடது கையைத் தூக்கிக் காம்பின் மேல் பாரமாக வைத்துக்கொண்டு, வலது கையால் உருவுவார். ஒரு கட்டுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். அதனால் கீரையை முந்தின நாள் சாயங்காலமே வாங்கிவிடுவோம்.